வன்னி வீதிக்கு வேண்டியது சொக் அல்ல, ரயர்

வன்னியில் சைக்கிள் வாங்கும் பேச்சு எழுந்தால் இப்போது பெரும்பாலும் ஒரே முடிவில்தான் போய் நிற்கிறது. குண்டும் குழியுமான கிரவல் வீதிக்கு மவுண்டன் சைக்கிள்தான் சரி. முன்னும் பின்னும் சொக் வைத்ததென்றால் இன்னும் நல்லது. பழைய லுமாலா சைக்கிள் அப்புமாரோடு போகட்டும். கடைத்தெருவில் இந்த முடிவு மலிவு விலைச் சைக்கிளாக விற்கப்படுகிறது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர் வாயிலாக வரும்போது அதே முடிவு கொஞ்சம் படித்த தோரணையோடு வருகிறது: 130, 140 மில்லிமீற்றர் அமிழும் சொக் உள்ள 'ட்ரெயில்' வகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துவிடுங்கள், ஏற்றம், இறக்கம், காடு, மேடு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும் என்கிறார்கள். அந்தச் சைக்கிளை ஓடிப் பார்த்து எழுதும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓடிப் பார்த்த நிலத்தில் அது உண்மை. அந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிவந்து ஒட்டுசுட்டானிலும் பூநகரியிலும் இறக்கிவைப்பதில்தான் பிழை இருக்கிறது. எந்த நிலத்தில், யார், எதை ஏற்றிக்கொண்டு ஓடப்போகிறார் என்பதைக் கேட்காமல் ஒரு சைக்கிளை 'எதற்கும் உதவும்' என்று சொல்வது விளம்பரம். அதை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் அந்தச் சைக்கிளுக்கு நியாயம் செய்வோம். மலைச் சைக்கிள் பிறந்த இடம் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டம். 1976இல் ஜோ பிறீஸ், கெரி ஃபிஷர், சார்ளி கெலி முதலியோர் அங்கே ஒரு மண் பாதையில் நேரம் வைத்து இறங்கும் போட்டியைத் தொடங்கினார்கள். 3 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய அந்தப் பாதை ஏறத்தாழ 400 மீற்றர் கீழே இறங்குகிறது. இறங்கி முடிப்பதற்குள் பின்சில்லின் ஹப் பிறேக் சூடேறி உள்ளேயிருக்கும் கிறீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுக் கிறீஸ் நிரப்ப வேண்டியிருந்ததால்தான் அந்தப் போட்டிக்கு 'றீபாக்' என்று பெயர் வந்தது. அவர்கள் ஓடியவை சொக் எதுவுமே இல்லாத, 1930களில் செய்யப்பட்ட, பருத்த ரயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்ரம்ப்ஜம்பர் என்ற பெயரில் மலைச் சைக்கிளைத் தொழிற்சாலையில் செய்து பரவலாக விற்கத் தொடங்கியபோதும் அதில் சொக் இல்லை. 1989இல்தான் றொக்ஷொக்ஸ் முன் ஃபோர்க் வந்தது. அதே ஸ்ரம்ப்ஜம்பர் பெயரில் வந்த 2021 மாதிரியில் முன்னே 140, பின்னே 130 மில்லிமீற்றர் அமிழும் சொக் இருந்தது. இந்த வளர்ச்சி முழுவதும் ஒரே தேவையைத் துரத்தி வந்தது. செங்குத்தான பாதையில், வேரும் பாறையும் நிறைந்த இடத்தில், வேகமாக இறங்கும்போது சில்லு நிலத்தை விட்டு எழும்பாமல் இருக்க வேண்டும். முன் ஃபோர்க் 65, 66 பாகையில் சாய்ந்து நிற்பதும் ஹான்டில் 780 மில்லிமீற்றர்வரை அகன்றிருப்பதும் அதற்காகவே. நக்கிள்ஸ் மலையில் ஓட ஒரு சைக்கிள் கேட்டால் இதைத்தான் நானும் சொல்வேன்.

வன்னி நிலத்தைப் பாருங்கள். வவுனியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரம். அங்கிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சி வரை கிட்டத்தட்ட 75 கிலோமீற்றர். மரினில் மூன்று கிலோமீற்றரில் இறங்கிய உயரத்தின் கால்பங்குகூட இந்த 75 கிலோமீற்றரில் இல்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அதே கதைதான். எங்களிடம் இருக்கும் ஒரே ஏற்றம் பெரும்பாலும் குளக்கட்டு. அதனால் எங்கள் வீதி நல்ல வீதி என்றாகிவிடாது. அதன் கெடுதி வேறு வகை. கோடையில் ரிப்பர் ஓடி ஓடிக் கிரவல் அலை அலையாகக் கிளம்பிக் கிடக்கும். மாரியில் அதே கிரவல் கரைந்து, தண்ணீர் நிறைந்த குழியாக, ஆழம் தெரியாமல் படுத்திருக்கும். அளம்பில், சுண்டிக்குளம் பக்கம் சில்லு புதையும் கடற்கரை மணல். வயல் ஓரங்களில் ரயரோடு ஒட்டிக்கொண்டு வரும் களி. இவற்றில் சைக்கிள் ஓடும் வேகம் மணிக்கு 12, 15 கிலோமீற்றர். அந்த வேகத்தில் அலைபோன்ற சிறு அதிர்வைத் தின்பது ரயரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். சொக்கின் கால் நகர்வதற்கு முதலில் அதன் ரப்பர் வளையங்களின் உராய்வை வெல்ல வேண்டும்; ரயருக்கு அந்தத் தடை இல்லை. பழைய 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல ரயர் 40 மில்லிமீற்றருக்குள் அடங்கும், அதைக் கல்லுப்போல இறுக்கிக் காற்றடித்துத்தான் ஓடுவார்கள். அதற்குப் பதிலாக 2 அங்குலத்துக்கு மேற்பட்ட ரயரை அளவான காற்றோடு ஓடினால் கிரவலின் நடுக்கம் பெரும்பகுதி அடங்கிவிடும், மணலில் புதைவதும் குறையும். மவுண்டன் சைக்கிளில் ஏறியவர் 'என்ன சுகமாக ஓடுகிறது' என்று சொல்லும் சுகத்தில் பெரும்பங்கு ரயரிலிருந்து வருகிறது. பெயரை மட்டும் சொக் தட்டிக்கொண்டு போகிறது.

அடுத்தது சுமை. இந்த மதிப்பீடு முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது, ஆனால் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றும் இதைத் தொடுவதில்லை, தொடவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ட்ரெயில் சைக்கிளில் ஒருவர் போவார், முதுகில் ஒரு தண்ணீர்ப் பை இருக்கும், அவ்வளவுதான். வன்னியில் சைக்கிள் என்பது காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மத்தியானம் 50 கிலோ உரப்பையை வயலுக்குக் கொண்டுபோய், பின்னேரம் விறகோ புல்லுக்கட்டோ ஏற்றி வரும் வாகனம். பின் சொக் உள்ள சைக்கிளில் பின்சில்லைத் தாங்கும் பகுதியே மேலும் கீழும் ஆடுகிறது. கரியல் பூட்டப் பெரும்பாலானவற்றில் இடமே விடப்படுவதில்லை. எப்படியாவது பூட்டினாலும் அடுத்த சிக்கல் வந்து நிற்கும். அந்தச் சொக்குக்குள் இருக்கும் காற்றை ஓடுபவரின் நிறைக்கு ஏற்றபடி அளந்து அடைக்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் மொத்த அமிழ்வில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றிலொரு பங்கு இறங்க வேண்டும் என்பது கணக்கு. காலையில் தனி ஆள், மத்தியானம் ஆளும் 50 கிலோவும், பின்னேரம் ஆளும் பிள்ளையும் என்றால் ஒரு நாளில் மூன்று தடவை காற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்குச் சாதாரணப் பம் உதவாது, உயர் அழுத்தத்துக்கென்று தனிப் பம் வேண்டும். இப்படி ஒரு சைக்கிளை வீட்டுத் தேவைக்கு வாங்குவது, கலியாண வீட்டுச் சமையலுக்கு வெள்ளித் தேக்கரண்டியோடு போவதற்குச் சமம்.

சுமையோடு சேர்ந்தது, அந்தச் சைக்கிளை யார் யார் ஓடுவார்கள் என்பது. ட்ரெயில் சைக்கிள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஓர் ஆளின் உயரத்துக்குத் தைத்ததுபோல வருகிறது. எங்கள் வீடுகளில் ஒரு சைக்கிளைத் தகப்பனும் தாயும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் மாறி மாறி எடுப்பார்கள். போருக்குப் பின் பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகிய மாவட்டங்கள் இவை. சேலையோடும் பாவாடையோடும் ஏறி இறங்கக்கூடிய, நடுவில் பார் தாழ்ந்த சைக்கிள் இல்லையென்றால் அந்த வீட்டில் பாதிப் பேருக்குச் சைக்கிளே இல்லையென்றுதான் அர்த்தம். ஆசனத்தை ஒரு விசையை அழுத்தி ஏற்றி இறக்கும் வசதி ட்ரெயில் சைக்கிளில் உண்டு; இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளுவதற்காக வைத்தது அது. எங்கள் வீட்டுத் தேவைக்கு அந்தச் சைக்கிளில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இன்னொன்று, மட்கார்ட். ட்ரெயில் சைக்கிளுக்கு அது அழகைக் கெடுக்கும் சாமான். வெள்ளைச் சீருடையோடு மாரி காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் முதுகில் செம்மண் கோடு ஏறுவதைத் தினமும் தோய்த்து எடுப்பவரைக் கேட்டால் அழகைப் பற்றி வேறு கருத்துச் சொல்வார்.

பராமரிப்புக்கு வருவோம். முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற, பெயர்பெற்ற உற்பத்தியாளர்களே வைத்திருக்கும் கணக்கு ஏறத்தாழ 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை. போக அரை மணி, வர அரை மணி என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பிள்ளைக்கு இது ஒரு தவணைக்குள் வந்துவிடும். அந்தக் கணக்கும் பொதுவான பாவனைக்குப் போட்டது; ஓகஸ்ட் மாதத்துச் சோளகத்தில் புழுதி கிளம்பும் கிரவல் வீதிக்கு அதைவிட அடிக்கடி செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், பளபளக்கும் குழாயில் புழுதி அரைத்து ரப்பர் வளையம் போய், எண்ணெய் கசிந்து, கடைசியில் சொக் ஒரு பக்கம் இறுகி நிற்கும். 12 பல்லுச் சக்கரங்களுக்கான ஒடுங்கிய செயின், எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிறேக், பின் சொக்கின் மூட்டுகளில் இருக்கும் சின்னச் சின்ன பெயாரிங் எதுவும் மல்லாவிச் சந்தியிலோ நெடுங்கேணியிலோ வாங்கக்கூடியது அல்ல. ரியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றும் பால் முள்ளுக் குத்தை உடனே அடைக்கும். சூரையும் உடையும் நிறைந்த எங்கள் ஒழுங்கைகளுக்கு அது உண்மையாகவே நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் வெக்கையில் அது சில மாதங்களில் உலர்ந்துபோகும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். மதிப்பான ட்ரெயில் சைக்கிள் ஒன்று 2000 டொலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 6 இலட்சம். அந்தப் பணம் போட்டு வாங்கியது ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கும்.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் 'டபிள் சொக்' சைக்கிள்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றில் இருப்பது ஒரு சுருள்வில் மட்டும். அமிழ்ந்த வில் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய் அமைப்பு இல்லை. குழியை விட்டு ஏறியபின்னும் ஆடிக்கொண்டிருக்கும். மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை வில்லே விழுங்கிவிடும். மூட்டுகள் தேய்ந்ததும் பின்சில்லு பக்கவாட்டில் அசையத் தொடங்கும். அமெரிக்காவின் பெரிய கடைகளில் விற்கும் இப்படிப்பட்ட மலிவுச் சைக்கிள்கள் சிலவற்றில், கரடுமுரடான பாதையில் ஓடவேண்டாம் என்ற எச்சரிக்கையை உற்பத்தியாளரே ஒட்டி அனுப்புவதுண்டு. இதைத்தான் எங்கள் ஊரில் கரடுமுரடான பாதைக்கென்றே வாங்குகிறோம்.

ஒருவர் இங்கே குறுக்கிடலாம். பழைய சைக்கிளைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட காலத்தில் வன்னி சைக்கிளில் ஓடியது உண்மை. விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளிலேயே போனது உண்மை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் வீட்டுச் சாமான் சைக்கிள் பாரில் தொங்கியதும் உண்மை. வேறு கதியில்லாமல் ஓடியதை அந்தச் சைக்கிளின் சிறப்பாகக் காட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. கதியில்லாத இடத்தில் தெரிவு இல்லை, தெரிவு இல்லாத இடத்தில் சான்றும் பலவீனம்தான். ஆகவே எல்லாத் தெரிவும் கையில் இருந்த ஒருவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். சிகாகோவின் ஸ்றாம் நிறுவனம் உலகெங்கும் சைக்கிள் கியரும் பிறேக்கும் செய்து விற்பது. 2002இல் றொக்ஷொக்ஸையும் வாங்கிக்கொண்டது. ஸ்றாமை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எஃப்.கே. டே, 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் வேலையே இலங்கையில்தான். வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து 24 ஆயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இங்கே கொடுத்தது. பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களின் மண் வீதிக்கென்று அந்த அமைப்பு தானே ஒரு சைக்கிளை வடிவமைத்தது. பஃபலோ என்று பெயர். கனத்த இரும்புச் சட்டம், 100 கிலோ தாங்கும் பின் கரியல், தடித்த கம்பி, பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஹப் பிறேக், ஒரே கியர். நிறை 20 கிலோவுக்கு மேல். சொக் இல்லை. உலகின் பேர்பெற்ற சொக்கைக் கையில் வைத்திருந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள், பணம் இல்லாமல் அதை விட்டவர்கள் அல்லர். சுமையும் புழுதியும் தூரமும் சேர்ந்த இடத்தில் அது உதவாது என்று கணக்குப் பார்த்தே விட்டார்கள். வன்னி மக்கள் கதியில்லாமல் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர்கள் ஆராய்ந்து வந்து சேர்ந்தார்கள்.

இதைச் சொல்வதால் பழைய லுமாலாவை அப்படியே கோயிலில் வைக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். கம்பி பிறேக் நனைந்த இரும்பு ரிம்மில் பிடிக்காது. மாரியில் ஏ9 வீதியில் லொறிக்கு முன்னால் அது ஆபத்து. மட்கார்ட்டுக்கும் ரயருக்கும் இடையே விரல் நுழையாத இடைவெளியில் களி அடைத்துக்கொண்டால் இறங்கிக் குச்சியால் கிண்ட வேண்டும். ஒரே கியரோடு, மரமில்லாத வயல்வெளியில், எதிர்ச் சோளகத்தில் மிதிப்பது நெஞ்சை அடைக்கும் வேலை. காற்றுத்தான் எங்கள் மலை என்று சொல்லலாம். ஆகவே மலைச் சைக்கிளிலிருந்து எடுக்க வேண்டியவை உண்டு: பருத்த ரயர், அதற்கு இடம் கொடுக்கும் அகன்ற ஃபோர்க், ஈரத்திலும் பிடிக்கும் பிறேக், பின்னே ஆறோ ஏழோ பல்லுச் சக்கரம். ஆறு ஏழு கியருக்குரிய சாமான் கிடைப்பதும் எளிது, பழுதானால் பார்ப்பதும் எளிது. எடுக்கக் கூடாதது சொக் மட்டும்தான். மேடுபள்ளம் முதுகைத் தாக்குகிறது என்பவர்களுக்கு வில் வைத்த ஆசனமும் குழி வரும்போது எழுந்து நிற்கும் பழக்கமும் போதும். வீதிகள் காப்பெற் ஆகிக்கொண்டு வருகின்றன என்பவர்களுக்குப் பதில் இன்னும் இலகு: வீதி நன்றாக ஆக ஆகச் சொக்கின் வேலை இன்னும் குறையும், அதன் நிறை மட்டும் குறையாது.

விளையாட்டு என்ற வாதம் மிச்சமிருக்கிறது. வன்னிப் பெடியளுக்கு உழைப்புச் சைக்கிள் மட்டும்தான் விதிக்கப்பட்டதா, காட்டுப் பாதையில் சந்தோஷமாக ஓடக் கூடாதா என்று கேட்டால், ஓடலாம், ஓட வேண்டும். ஆனால் எங்கள் குளக்கட்டும் வண்டில் பாதையும் சமதரை. முன்னே 100 மில்லிமீற்றர் சொக் மட்டும் உள்ள, பின்புறம் இறுகிய சைக்கிளே அங்கு வேகமாக ஓடும். ட்ரெயில் சைக்கிளின் சாய்ந்த ஃபோர்க் மெதுவான ஓட்டத்தில் இரண்டு பக்கமும் தளும்பும், வாய்க்கால் வரம்பில் அதன் அகன்ற ஹான்டில் புதரில் மாட்டும். விளம்பரம் காட்டும் 'பாதையை விட்டுப் போ' என்ற சுதந்திரம் இங்கே விளையாட்டும் அல்ல. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசெம்பரில். முகமாலைப் பக்கம் தொடக்கம் முல்லைத்தீவுக் காடுகள் வரை கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தும் முற்றாக முடிந்ததாக இன்னும் அறிவிக்கப்படவில்லை. சிவப்புப் பலகை கண்ட இடத்தில் சைக்கிளைத் திருப்புவதுதான் புத்தி. பலகை இல்லாத காட்டிலும் பழகிய பாதையை விட்டு இறங்கக் கூடாது.

சைக்கிள் எல்லாம் பழங்கதை, மோட்டார் சைக்கிள் இருக்கும்போது இந்த வாதம் எதற்கு என்பவர்கள் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்துவிட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல். நாடு முழுவதும் சைக்கிள் விலை ஏறியது அப்போதுதான். வன்னியில் தூசு தட்டி எடுக்கப்பட்டவையும் கரியல் உள்ளவைதான்.

ஆகவே அடுத்த தவணை தொடங்குமுன் பிள்ளைக்கோ வீட்டுக்கோ சைக்கிள் எடுக்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் சொக் எத்தனை என்று கேட்காதீர்கள். ரயர் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, கரியலில் ஓர் ஆளை ஏற்றலாமா, மட்கார்ட் பூட்ட இடமிருக்கிறதா, இதன் செயினும் ரியூபும் உங்கள் சந்திக் கடையில் கிடைக்குமா, வீட்டிலுள்ள பெண்கள் இதில் ஏறலாமா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து ட்ரெயில் சைக்கிள் அனுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, அந்தக் காசில் பத்து நல்ல இரும்புச் சைக்கிளை வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.